அம்பில்லாமல் எய்தவன்

சேரனின் கொடியில் வில் பறந்தது என்று பள்ளியில் படித்தோம். இராமனையும் அருச்சுனனையும் வில்லில்லாமல் எண்ணிப் பார்க்க நம்மால் முடியாது. ஆயினும் நம்முள் எத்தனை பேர் ஒரு வில்லைக் கையால் தொட்டிருப்போம்? ஊரை விட்டு இவ்வளவு தொலைவு வந்து, இப்பல்கலைக்கழக மைதானத்தின் மூலையில் வரிசையாக நின்ற இலக்குப் பலகைகளைக் கண்ட பிறகுதான் நானே தொட்டேன். தொட்டவன் விடவில்லை. இரண்டு ஆண்டுகள் வில்வித்தைக் குழுவின் பழைய வில்லில் பயின்றேன். உதவித்தொகையில் மிச்சம் பிடித்தேன். போதாத பணத்துக்கு அம்மா சீட்டு எடுத்து அனுப்பினாள். இப்படியாகச் சென்ற ஆண்டு ஒரு புது வில் வாங்கினேன். வாங்கிய மூன்றாம் நாள் மாலை அதைக் கெடுத்தேன்.

மழை கெடுக்கவில்லை, பகைவர் எவரும் கெடுக்கவில்லை. அம்பு வைக்காமல் நாணை முழுதும் இழுத்தேன், கைதவறி விட்டுவிட்டேன். அவ்வளவுதான்.

“அம்புதான் இல்லையே! எவர் மீதும் படவில்லையே! பிறகு என்ன கெட்டது?” என்று கேட்பீர்கள். நானும் அன்றிரவு அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். அந்தத் தேறுதல் எவ்வளவு தவறானது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. வில்லாளர்கள் இதனை ‘டிரை ஃபயர்’ என்பார்கள். ‘வெற்றெய்தல்’ என்று நான் தமிழில் சொல்லிக்கொள்கிறேன். இதனினும் நல்ல சொல் அறிந்தவர்கள் தெரிவித்தால் மகிழ்வேன்.

நடந்தது

நான் வாங்கியது காம்பவுண்டு வில். ‘காம்பவுண்டு’ என்றால் நம் ஊரில் சுற்றுச்சுவர்தான் நினைவுக்கு வரும். இதற்கும் சுவருக்கும் உறவில்லை. இரு முனைகளிலும் சக்கரம் பூட்டிய வில்லுக்கு அப்பெயர். அதன் பெருமை ஒன்றுண்டு. இழுக்கத் தொடங்கும்போது கடினமாக இருக்கும். முழுதும் இழுத்து முடித்ததும் திடீரென்று இலேசாகிவிடும்.

இந்தப் பெருமையை விடுதி அறையில் எல்லோரிடமும் அளந்துகொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டுத் தம்பி ஒருவன், “அண்ணா, இழுக்க இழுக்கக் கடினமாகத்தானே ஆகவேண்டும்? எப்படி இலேசாகும்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. வாயால் விளக்கியிருக்கலாம். நான் கையால் விளக்கப் புறப்பட்டேன். ரிலீஸ் என்னும் விசைக்கருவியை நாணில் மாட்டி இழுத்தேன். நாண் முகவாயைத் தொட்டது. “பார், இப்போது எவ்வளவு இலேசு!” என்று சொல்ல முகத்தைத் திருப்பினேன். கட்டைவிரலும் கூடவே திரும்பிற்று.

அந்த ஓசையை எப்படி எழுதுவது? கற்பலகை ஒன்றை முழு வலுவோடு தரையில் அறைந்தாற்போல இருந்தது. வில் என் இடக்கையில் துடித்தது. முழங்கை வரை மரத்துப்போயிற்று. அடுத்த அறைகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். என் அறை நண்பன் மட்டும் கட்டிலில் படுத்தபடியே, “டேய், மிதிலையில் வில்லை முறித்தவனுக்குப் பெண் கிடைத்தாள். உனக்கு பில்தான் கிடைக்கும்!” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உள்ளே சிரிப்பு வரவில்லை.

விளக்கடியில் வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாண் அறவில்லை. சக்கரங்கள் இடத்தில் இருந்தன. ஒரு கீறலும் தென்படவில்லை. ‘தப்பித்தோம்’ என்று பெட்டியில் வைத்து மூடினேன். எவரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்றும் முடிவு செய்தேன்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. மறுநாள் காலை அந்த வில்லை நான் எடுப்பதாக இல்லை. எங்கள் குழுவில் சொந்த வில் இல்லாத இளைய மாணவி ஒருத்தி இருக்கிறாள். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்கு ஆள் தேர்வு செய்யும் நாள் நெருங்கியிருந்தது. என் புது வில்லில் பயிற்சி செய்து கொள்ளலாம் என்று அவளுக்கு வாக்களித்திருந்தேன்.

அதன் முடிவைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தத் தம்பியின் கேள்விக்கு விடை சொல்வோம். அதிலேதான் ஆபத்தின் வேரும் இருக்கிறது.

சக்கரம் செய்யும் மாயம்

காம்பவுண்டு வில் பழங்காலத்தது அன்று. அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தவரான ஹோலஸ் வில்பர் ஆலன் என்பவர் 1966ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969ஆம் ஆண்டு இறுதியில் அது கிடைத்தது. வில்லின் வயது பல ஆயிரம் ஆண்டுகள். அதில் சக்கரம் ஏறி அறுபது ஆண்டுகளே ஆகின்றன.

ஒரு கதவைக் கைப்பிடியருகே தள்ளினால் எளிதில் திறக்கும். கீலருகே தள்ளினால் வலுவெல்லாம் வேண்டும். கதவு ஒன்றுதான், தள்ளும் இடம் கீலிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதுதான் வேறுபாடு. காம்பவுண்டு வில்லின் சக்கரம் இந்த உண்மையைத்தான் பயன்படுத்துகிறது. அது வட்டமான சக்கரம் அன்று, கோணலானது. அச்சும் நடுவில் இருப்பதில்லை. சக்கரத்தின் ஒரு பள்ளத்தில் நாண் ஓடுகிறது. மற்றொரு பள்ளத்தில் கேபிள் ஓடுகிறது. வில்லின் இரு கைகளையும் வளைப்பது அந்தக் கேபிள்தான். இழுக்கத் தொடங்கும்போது நாண் அச்சுக்கு அருகில் இருந்து இழுக்கிறது. அதாவது கீலருகே தள்ளுவது போல. எனவே கடினம். இழுத்து முடிக்கும் வேளையில் சக்கரம் உருண்டு, நாண் அச்சிலிருந்து விலகிவிடுகிறது. கேபிள் அச்சை நெருங்கிவிடுகிறது. இப்போது கைப்பிடியருகே நின்று கதவைப் பிடித்திருக்கிறோம். எனவே எளிது.

என் வில்லின் வலு 50 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 22.7 கிலோ. முழுதும் இழுத்த பின் அதில் 80 விழுக்காடு குறைந்துவிடும். 10 பவுண்டை, நாலரைக் கிலோவைத்தான், கை தாங்க வேண்டும். குறி பார்க்கும்போது கை நடுங்காததன் இரகசியம் இதுவே.

இங்கேதான் ஏமாந்து போகிறோம். கைக்கு இலேசாக இருப்பதால் வில்லும் ஓய்ந்துவிட்டது என்று மனம் எண்ணிக்கொள்கிறது. உண்மை நேர்மாறானது. வில்லின் கைகள் மிகுதியாக வளைந்திருப்பது அந்நேரத்தில்தான். ஆற்றல் முழுதும் சேர்ந்திருப்பதும் அந்நேரத்தில்தான். என் வில்லில் அது ஏறத்தாழ 75 ஜூல். ஏழரைக் கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் தூக்கச் செலவாகும் ஆற்றல் அது. அவ்வளவையும் கட்டைவிரல் தொடும் ஒரு சிறு விசை அடக்கி வைத்திருக்கிறது. விரல் பட்டால், விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் அது வெளிப்பட்டுவிடும்.

ஆற்றல் எங்கே போகிறது?

சிறு வயதில் உண்டிவில் வைத்திருந்தவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். கல்லை வைத்து இழுத்து விட்டால் கல் பறக்கும்; கைக்கு ஒன்றும் ஆகாது. கல் நழுவி விழுந்தபின் வெறும் வாரை விட்டுவிட்டால், அது திரும்பி வந்து விரல் முட்டியில் சுரீரென்று அடிக்கும். படிக்கட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று எண்ணிக் காலை வைத்து, படி இல்லாமல் போனால் இடுப்பு வரை அதிர்கிறது அல்லவா? அதுவும் இந்த இனந்தான். ஏற்க வேண்டியது எதிரே இல்லையென்றால், கொடுத்தது கொடுத்தவனிடமே திரும்பி வருகிறது.

வில்லில் அம்புக்கு இரண்டு வேலைகள் உண்டு. இலக்கை அடைவது ஒன்று. அதை எல்லோரும் அறிவோம். வில்லின் ஆற்றலைச் சுமந்துகொண்டு வெளியேறுவது மற்றொன்று; அதைப் பலர் எண்ணுவதில்லை. வில்லைப் பொறுத்தவரை இரண்டாவதே பெரிது.

கணக்காகவே பார்த்துவிடுவோம். என் அம்பின் எடை 22.7 கிராம். அது வில்லை விட்டு விநாடிக்கு ஏறத்தாழ 73 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அம்பின் இயக்க ஆற்றல் 60 ஜூல் ஆகிறது. சேர்த்து வைத்த 75 ஜூலில் 60 போக மீதம் 15. அந்த 15 ஜூலை நாணும் சக்கரமும் கைகளும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, அதிர்ந்து, ஓசையாகவும் வெப்பமாகவும் கழித்துவிடுகின்றன. வில்லின் உறுப்புகள் இவ்வளவைத் தாங்கும்படியே செய்யப்பட்டிருக்கின்றன.

வில்லின் இயற்பியலை ஆராய்ந்தவர்களுள் கிளாப்ஸ்டெக் என்னும் அமெரிக்க அறிஞர் முக்கியமானவர். வில்லின் அசையும் உறுப்புகள் எல்லாம் சேர்ந்து, நாணோடு ஒட்டிய ஒரு சிறு எடையைப் போல நடந்துகொள்கின்றன என்று கொண்டால் கணக்கு எளிதாகும் என்று அவர் காட்டினார். என் வில்லுக்கு அந்தக் கற்பனை எடை ஏறத்தாழ 5.7 கிராம், அம்பின் எடையில் நாலில் ஒரு பங்கு. ஆற்றல் இவ்விரு எடைகளின் விகிதப்படி பிரிகிறது. ஐந்து பங்கில் நான்கு பங்கை அம்பு கொண்டுபோகிறது. ஒரு பங்கு வில்லில் தங்குகிறது.

இப்போது அம்பை எடுத்துவிடுங்கள். பங்காளி இல்லை. 75 ஜூலும் வில்லுக்கே. நாள்தோறும் 15 ஜூலைத் தாங்கப் பழகிய உடல், ஒரே அடியில் அதைப் போல் ஐந்து மடங்கைத் தாங்க வேண்டியதாகிறது. நாணின் வேகமும் இருமடங்குக்கு மேல் போகும் என்று கணக்குச் சொல்கிறது. இது தாளில் போடும் கணக்கு. உராய்வும் அதிர்வும் அதில் கொஞ்சத்தை விழுங்கும். ஆனாலும் அடி எத்தகையது என்பது விளங்கும். நான் கேட்ட ஓசை அந்த அடிதான்.

எது எது கெடும்?

நாண் சக்கரத்தின் பள்ளத்தை விட்டுத் துள்ளி வெளியேறலாம். நாணோ கேபிளோ அறலாம். அறாவிட்டாலும் மேலே சுற்றிய நூல் பிரியலாம். சக்கரத்தின் விளிம்பு நெளியலாம். அதன் அச்சு வளையலாம். திருகுகள் தளரலாம். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் கேடுகள். தெரிவதால் இவற்றைப் பற்றி அவ்வளவு அச்சமில்லை.

அஞ்ச வேண்டியது வில்லின் கைகளுக்குத்தான். இரும்புக் கம்பியை அளவுக்கு மீறி வளைத்தால் அது வளைந்தே நிற்கும். ‘நான் கெட்டேன்’ என்று காட்டிக்கொடுக்கும். வில்லின் கைகள் உலோகம் அல்ல. கண்ணாடி இழைகளையும் சில வில்களில் கரி இழைகளையும் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்த பட்டைகள் அவை. அவற்றுள் விரிசல் இழைகளுக்கிடையே புகுந்து மறைந்திருக்கும். மேற்பூச்சு மழமழவென்றே இருக்கும். வில் முன்போலவே நிமிர்ந்து நிற்கும். பிறகு ஒரு நாள், எவரோ அதை இழுத்து முகத்தருகே பிடித்திருக்கும்போது, அந்த விரிசல் வாயைத் திறக்கும். அப்போது உடைவது அந்தப் பட்டை ஒன்று மட்டும் அன்று. 75 ஜூலைக் கட்டி வைத்த நாணும் கேபிளும் சக்கரமும் ஒருங்கே அவிழும். அவ்வேளையில் வில்லாளியின் கண் நாணிலிருந்து சில அங்குலத் தொலைவில் இருக்கிறது.

மறுநாள் காலை

அந்த மாணவி எங்கள் எல்லோருக்கும் முன்பாகவே மைதானத்துக்கு வந்திருந்தாள். பயிற்சியாளர் அவள் வலுவுக்கேற்ப வில்லைத் தளர்த்துவதற்குத் திருகுசாவியை எடுத்தார். அவள் பெட்டியைத் திறந்து வில்லை இரு கைகளாலும் தூக்கினாள். பிறகு என்னைப் பார்த்து, “அண்ணா, புது வில்லாயிற்றே, என்னால் இதற்கு ஒன்றும் ஆகிவிடாதே?” என்று கேட்டாள்.

என்னால் வில்லுக்குக் கேடு வருமோ என்று அவள் அஞ்சினாள். வில்லால் அவளுக்குக் கேடு வருமோ என்று நான் அஞ்சவில்லையே! அந்தக் கணத்தில் பட்ட வெட்கத்தை இன்றும் மறக்கவில்லை. “கீழே வை அம்மா” என்றேன். பயிற்சியாளரிடம் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன்.

அவர் என்னைக் கோபிக்கவில்லை. முதலுதவிப் பெட்டியிலிருந்து கொஞ்சம் பஞ்சு எடுத்தார். வில்லின் கைகளை அடியிலிருந்து நுனி வரை, முகப்பிலும் முதுகிலும் விளிம்புகளிலும் பஞ்சால் மெல்லத் தடவிக்கொண்டே போனார். மேல் கையில் பஞ்சு வழுக்கிக்கொண்டு போயிற்று. கீழ்க் கையின் உள்விளிம்பில், சக்கரத்துக்குச் சற்று முன்னால், ஓரிடத்தில் நின்றது. பிரித்து எடுத்தபோது இரண்டு மூன்று வெண்ணிழைகள் அங்கேயே சிக்கி நின்றன. அந்த இடத்தில் ஒளியைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். நகத்தின் நீளந்தான் இருக்கும். தலைமயிரைப் போல ஒரு கோடு.

“நேற்று நீ எப்படிப் பார்த்தாய்?” என்று கேட்டார்.

“கண்ணால் பார்த்தேன், சார்.”

“கண்ணுக்கு எது வேண்டுமோ அதைத்தான் கண் பார்க்கும். பஞ்சுக்கு அந்த வழக்கம் இல்லை” என்றார்.

வில்லின் கைகளை இணையாகவே மாற்ற வேண்டியிருந்தது. வெற்றெய்ததால் வரும் கேடு உத்தரவாதத்தில் சேராது என்று விற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். சீட்டிலும் அப்படியே அச்சிட்டிருந்தது. புதிய கைகள் வர ஆறு வாரம் ஆயிற்று. செலவு, வில் விலையில் கால் பங்கு. அறை நண்பன் சொன்ன பில் வந்தேவிட்டது. அந்த மாணவி குழுவின் பழைய வில்லிலேயே தேர்வுக்கு நின்று மூன்றாம் இடம் பெற்றாள்.

நேர்ந்துவிட்டால்

வெற்றெய்தல் நேர்ந்துவிட்டால் முதல் விதி ஒன்றுதான். அந்த வில்லை மறுபடி இழுக்காதீர்கள். ‘சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை இழுத்துப் பார்ப்போமே’ என்று தோன்றும். அந்த ஒரு முறைதான் ஆபத்து. நாண் பள்ளத்தை விட்டு வெளியேறியிருந்தால் கையால் நெம்பி உள்ளே தள்ளாதீர்கள். பஞ்சால் தடவிப் பாருங்கள்; வெறும் விரலால் தடவினால் இழைச் சிம்பு தைக்கும். சக்கரத்தின் விளிம்பை வில்லின் நுனிப்புறமிருந்து பாருங்கள். நாணிலும் கேபிளிலும் பிரிந்த நூல் உண்டா என்று பாருங்கள். எங்கும் ஒன்றும் தென்படாவிட்டாலும், வில்லை அழுத்திப் பிடித்துப் பிரிக்கும் பிரஸ் வைத்திருக்கும் தேர்ந்த தொழிலாளியிடம் கொண்டுபோய், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வில்லை விற்பதானாலும் இரவல் கொடுப்பதானாலும் இதைச் சொல்லியே கொடுக்க வேண்டும்.

நேராமல் காக்க

இழுப்பதானால் அம்பை வைத்தே இழுக்க வேண்டும். அதுவும் இலக்குப் பலகைக்கு நேரே நின்றுதான். அறையிலோ தாழ்வாரத்திலோ இழுத்துக் காட்டலாகாது. அம்பின் வாலில் உள்ள பிளவு நாணில் ‘டிக்’ என்று கவ்வியதைக் காதால் கேட்க வேண்டும். அப்பிளவு வெடித்திருந்தால் அம்பு நழுவிவிடும். அம்பு வைத்தும் வெற்றெய்தலே ஆகும். இழுக்கும்போது கட்டைவிரல் விசைக்குப் பின்னால் இருக்க வேண்டும். குறி பார்த்த பிறகே முன்னால் வரலாம். இழுத்த நாணை எய்யாமல் மெல்லத் திருப்பி விடுவதும் ஒரு கலை. எய்யக் கற்பதற்கு முன் அதைக் கற்க வேண்டும்.

மிக இலேசான அம்பும் பாதி வெற்றெய்தல்தான் என்பதை மேலே சொன்ன கணக்கிலிருந்தே அறியலாம். வில்லின் வலுவில் பவுண்டு ஒன்றுக்கு 5 கிரெயின் எடையாவது அம்பில் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஒரு கிரெயின் என்பது அரைக் குன்றிமணிக்குச் சற்று மிகுதி. 50 பவுண்டு வில்லுக்கு 250 கிரெயின், அதாவது 16.2 கிராம். வேகத்துக்கு ஆசைப்பட்டு அதற்குக் கீழே போகக்கூடாது.

இன்னொன்று. புது வில்லைப் பார்க்க வரும் நண்பர்கள், “ஒரு முறை இழுக்கட்டுமா?” என்று கேட்பார்கள். நம்மவர்க்கு இல்லை என்று சொல்லக் கூச்சம். கையில் கொடுங்கள், தூக்கிப் பார்க்கட்டும். நாணை மட்டும் தொட விடாதீர்கள். ஆசை மிகுந்தவர்களை மைதானத்துக்கு அழைத்து வாருங்கள்.

ஆசைப்படத் தக்க காலமும் இதுதான். 2023ஆம் ஆண்டு பெர்லின் உலகப் போட்டியில் காம்பவுண்டு வில்லில் நம் நாட்டு அதிதி சுவாமியும் ஓஜஸ் தேவதலேயும் உலக வாகை சூடினார்கள். அதே ஆண்டு ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் ஜோதி சுரேகா மூன்று தங்கம் பெற்றார். இரு கைகளும் இல்லாத சீத்தல் தேவி காலால் வில்லேந்தி, 2024ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் சேர்ந்து வெண்கலம் வென்றார். 2028ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்டு வில் கலப்புக் குழுப் போட்டியாக இடம்பெற இருக்கிறது. நம் மன்றத்திலிருந்தும் நாலு பேர் மைதானத்துக்கு வரலாமே!

வருகிறவர்களுக்கு வில் தருகிறேன். அம்பையும் தருகிறேன். பெட்டியில் இப்போது எப்போதும் ஒரு பொட்டலம் பஞ்சும் இருக்கிறது.